வார்னிஷ் காயுதுங்க

கண்ணு,

நீயும் நானும் போனில் பேசினால் ஒரு நிமிஷம்கூடத் தாண்டுவதில்லை. "சாப்ட்டியா?" என்பேன். "சாப்ட்டேனுங்கப்பா" என்பாய். "வேலையெல்லாம்?" என்பேன். "போகுதுங்கப்பா" என்பாய். அதற்குள் எனக்குச் சரக்கு தீர்ந்துவிடும். "இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று தப்பித்துக்கொள்வேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் நான். கடைசியாக முழுதாக எழுதிய கடிதம், உனக்கு அம்மை போட்டபோது பள்ளிக்கூடத்துக்கு எழுதிய விடுமுறைக் கடிதம்தான். அதிலும் காய்ச்சலோடு படுத்துக்கொண்டே மூன்று பிழை கண்டுபிடித்து, வேறு தாளில் என்னைத் திருப்பி எழுத வைத்தாய். இதில் எத்தனை பிழை இருக்குமோ தெரியாது. வாயால் சொன்னால் நடுவில் ஒரு ஜோக் அடித்து மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடையைப் பாதி ஷட்டர் திறந்து, மேஜையில் கிடந்த ஸ்பேனரையெல்லாம் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நீ அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாய். அவள் கையெல்லாம் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அடுப்படி வாசலில் நான் வறுகடலை தின்றுகொண்டு நின்றது உனக்குத் தெரியாது. "ஏனுங்கம்மா, கல்யாணத்துல சொல்ற உடன்படிக்கை தேவனுக்கு முன்னாடின்னு வருது. நான் நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. அதைச் சொன்னா பொய்தானுங்களே? ஒரு பொய்யில குடும்பத்தை ஆரம்பிக்கச் சொல்றீங்களா? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கலாம்னு ஷீபாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாய். "அவ என்ன சொன்னா?" என்று அம்மா கேட்டாள். "மொதல்ல பாஸ்டர்கிட்ட மனசுவிட்டுப் பேசு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாங்கறா" என்றாய். அம்மா மாவுக் கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கடலையை டப்பாவிலேயே கொட்டிவிட்டு வெளியே போய், ஒரு கோளாறும் இல்லாத ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு நான் உன்மேல் கோபப்படவில்லை, கண்ணு. பயந்துபோனேன். நம் வீட்டில் தேவனுடைய பெயரும் பொய்யும் உன் மனசில் எந்த நாளில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன என்று எனக்குத் தெரியும். ஒட்டவைத்தவன் நான். இதை ஷீபாவும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

அம்மா ஷீபா, உன் மாமனார் சத்தி ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செருகி, நூல் போட்டுக் கட்டி, கடைசியில் வார்னிஷ் ஊற்றுவோம். அது காய வேண்டும். நம் கடையில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் நாலு குண்டு பல்பும் இருக்கும், அதுதான் எங்கள் அடுப்பு. காயாமல் ஓட்டினால் மோட்டார் மறுபடி எரியும், இது எல்லா விவசாயிக்கும் தெரியும். அதனால் எங்கள் தொழிலில் இதைவிட வசதியான பொய் வேறு கிடையாது. "வார்னிஷ் காயுதுங்க" என்று சொன்னால் வேலை முடிந்த மாதிரியும் இருக்கும், மோட்டார் கொடுத்தவரால் அவசரப்படுத்தவும் முடியாது. மோட்டார் வந்த சாக்கிலேயே மூலையில் கிடக்கும், நான் போனில் வார்னிஷ் காயவைத்துக்கொண்டிருப்பேன். ஒரு கத்திரி வெயிலில் இதையே மூன்று நாள் சொன்னதற்கு ஒருத்தர், "ஏனுங்க, எங்க ஊர்ல களத்துல அப்பளம் போட்டாப் பொரியுது, உங்க கடையில மட்டும் வார்னிஷ் காயாதுங்களா?" என்று கேட்டார். "அந்த பிராண்டு அப்படிங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். சிரிக்க வைத்துவிட்டால் அது பாவத்தில் சேராது என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

இதே ஆள்தான் காலையில் கடை திறந்ததும் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஜெபம் செய்வான். சுவரில் வசனக் காலண்டர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு எடுப்பது, சபைக் கமிட்டியில் கை தூக்குவது, பாடல் குழுவில் கடைசி வரிசையில் நின்று வாய் அசைப்பது எல்லாம் உண்டு. "சத்தியமுள்ள தேவனே" என்று கண்ணை மூடுவேன். ஆமென் சொல்லிக் கண் திறப்பதற்குள் போன் அடிக்கும். உடனே வார்னிஷ் காயத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இருக்காது. அது எனக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஷீபா ஊரில் இது எப்படியோ தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன்: சபையார் தங்கள் வயலில், தோட்டத்தில், கொல்லையில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைத்து நன்றி சொல்லும் நாள் அது. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். மைக் என் கையில். அந்த வாரம் முழுக்க எனக்குக் கடை ஞாபகமே இல்லை. பந்தல்காரனைப் பார்க்க, வாழைத்தார் கட்ட, சீரியல் லைட்டுக்கு வயர் இழுக்க என்று ஆலயத்திலேயே கிடந்தேன். திங்கட்கிழமை காலையில் அன்னூருக்கு அந்தப் பக்கமிருந்து நாச்சிமுத்து அண்ணன் என்ற விவசாயி ஒரு கிணற்று மோட்டாரைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார். தக்காளி பூவெடுத்து நிற்கிறது, மழை ஏமாற்றிவிட்டது, இரண்டு நாளில் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். "அதுக்கென்னங்க, புதன்கிழமை வந்து எடுத்துக்கோங்க" என்றேன். சாக்கை மூலையில் தள்ளினேன்.

கடை போனை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் ஆலயத்துக்குப் போவேன். நீ படிப்பு விடுமுறையில் வீட்டில் இருந்தாய். "யார் கேட்டாலும் வார்னிஷ் காயுதுன்னு சொல்லு கண்ணு" என்றேன். "அந்த அன்னூர்க்காரரு மோட்டாரைப் பிரிக்கவே இல்லீங்களேப்பா?" என்று கேட்டாய். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "நான் சர்ச் வேலையாத்தானடா போறேன், ஊர் சுத்தவா போறேன்? ஆண்டவர் பார்த்துக்குவாரு." புதன், வியாழன், வெள்ளி என்று நீ மூன்று நாள் அந்த மனுஷரிடம் என் பொய்யை உன் குரலில் சொன்னாய். கடைசி நாள் போனை வைத்துவிட்டு, "அப்பா, அவரு எனக்கு நன்றி சொல்றாருங்க" என்றாய். நான் வாழைத்தார் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, ஏல மைக்குக்கு நீள வயர் எடுக்கக் கடைக்கு வந்தேன். கடை வாசலில் நாச்சிமுத்து அண்ணனின் மொபெட் நின்றது. உள்ளே அவர் அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நீ சுவரை ஒட்டி நின்றாய். அவர் என்னைப் பார்த்து எழுந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டே உள்ளே வந்தேன்.

"ஏனுங்க, வார்னிஷ் எதுலீங்க காயுது? இது நான் போட்ட முடிச்சுங்க. அப்படியே இருக்குதுங்க."

"ஆள் வரலீங்கண்ணா. சர்ச்சுல வேற விசேஷமுங்க, அதான்..."

"என்ன விசேஷமுங்க?"

"அறுப்பின் பண்டிகைங்க. வெள்ளாமைக்கு நன்றி சொல்றதுங்க" என்றேன்.

"நல்லதுங்க. சொல்லோணும். எனக்குத்தான் இந்த வருசம் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதாட்ட இருக்குதுங்க." அவ்வளவுதான். பிறகு உன் பக்கம் திரும்பி, "தம்பி, சித்த ஒரு கை புடிங்க" என்றார். நீயும் அவரும் சாக்கைத் தூக்கி மொபெட்டில் வைத்தீர்கள். உனக்கும் "ங்க" போட்டுத்தான் பேசினார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நான் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விட்டேன். வயர் நீளம் போதவில்லை என்று அங்கே ஒருத்தர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் பண்டிகை. ஒரு பூசணிக்காயைப் பதினெட்டு பேர் போட்டி போடும்படி ஜோக் அடித்து ஏலம் விட்டேன், ஆலயமே சிரித்தது. உன்னைக் காணவில்லை. பொறுப்பாளரின் மகன் எங்கே என்று நாலு பேர் கேட்டார்கள். சாயங்காலம் முழங்கால் வரை சேறும், உதட்டில் வெடிப்புமாக வந்து நின்றாய். "எங்கடா போனே?" என்றேன். நீ கால் கழுவத் தண்ணீர் மொண்டாய். "கர்த்தருடைய நாள்ல ஊர் சுத்திப்போட்டு வந்து நிக்கறயா? என் மானம் போச்சு" என்று கை நீட்டினேன். உன்னை நான் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நீ இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமையும் விடிவதற்குள் கிளம்பிப் போனாய். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ ஜெபத்தில் கண் மூடியதே இல்லை. கல்லூரிக்குப் போனபிறகு ஆலயம் நின்றது. கிறிஸ்துமஸுக்கு வருவாய், பிரியாணிக்கு உட்காருவாய். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாய். குறை இருப்பதைக் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்வதற்கு உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய ஆரம்பப் பயிற்சியை வீட்டிலேயே இலவசமாகக் கொடுத்தவன் நான்.

உன் அம்மாதான் என்னைப் பிடித்து நிறுத்தினாள். நீ கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம். கடையில் ஜெபம் முடிந்து, போன் வந்து, நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவள் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் போனை வைத்ததும் சொன்னாள்: "ஏனுங்க, ஒண்ணு பொய்யை உடுங்க, இல்ல ஜெபத்தை உடுங்க. ரெண்டையும் ஒரே வாயில வெச்சுக்கிட்டு என் பையனை ஆண்டவர்கிட்ட இருந்து தொரத்திப்போட்டீங்க." டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு எலுமிச்சைச் சாதம். முழுதாகத் திரும்பிப் போனது.

ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அதுவும் வார்னிஷ் கதையாகிவிடும். முதல் மாதம் வார்னிஷை விட்டுவிட்டு "கரண்ட் இல்லீங்க" என்று மாற்றிக்கொண்டேன். அம்மா அதையும் கண்டுபிடித்தாள். அப்புறம் ஒருநாள் வேறு வழியில்லாமல், ஒருத்தரிடம், "இன்னும் பிரிக்கலீங்க. முன்னாடி ரெண்டு மோட்டார் இருக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது மொட்டை மாடி ஓரத்தில் நிற்பது மாதிரி காலெல்லாம் கூசியது. "ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். சிலர் திட்டினார்கள். சிலர் மோட்டாரை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டுமே, அதனால் கமிட்டிக் கூட்டத்தைக் குறைத்தேன், பாடல் குழுவில் வாய் அசைப்பதை நிறுத்தினேன். பாடல் முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அரை மணி நேர ஜெபம் சுருங்கிச் சுருங்கி ஐந்து நிமிஷமாகிவிட்டது. விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. அந்தக் காலத்தில் நான் ஆண்டவரிடமும் கஸ்டமரிடம் பேசுகிற மாதிரியே பேசியிருக்கிறேன். இடைவெளி விடாமல், வேகமாக, அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று. மறைக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்த அன்றைக்குத்தான், நான் நிறுத்தினாலும் எதிரில் அவர் இருக்கிறார் என்று தெரிந்தது. உண்மை பேசி அவரை விலைக்கு வாங்கிவிடலாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் சபை ஆயர் வீடு தேடி வந்து திருத்துவார், கிருபை இலவசம் என்று. இலவசம்தான். அதை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டவே இல்லை. அந்தக் கையால் வேறு எதையோ முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரி, நாச்சிமுத்து அண்ணனிடம் மட்டும் போகவில்லை. பதினொரு வருஷம். அன்னூர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அவருக்கு ஞாபகம் இருக்காது என்று ஒரு வருஷம், ஞாபகம் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வருஷம், இப்படியே தள்ளினேன். சபையில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பைப் பற்றிச் சாட்சி சொன்ன வாய் இது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்யாண ஓலை முதல் தடவை வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆயர் உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று கொஞ்சம் நிறுத்துவார். ஒரு மூச்சு அளவு நேரம்தான். யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மட்டும் முதுகில் வியர்வை. இந்தப் பையன் உங்கள் முன்னால் நின்று உறுதி சொல்லத் தடையாக ஒருத்தன் இருக்கிறான், அவன் நாலாவது பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

நேற்று காலை பஸ் ஏறினேன். அழைப்பிதழ் ஒன்றைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். தைரியம் வராவிட்டால் "கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற யோசனை. பார்த்தாயா, அப்போதும் கைவசம் ஒரு சமாளிப்பு. விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். தலை நரைத்துவிட்டது, ஆள் அதே ஆள். கொடாப்புக் கூடையைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சுகளை அடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, ஆருங்க, தெரியலீங்களே" என்றார். கவரை எடுக்கக் கை பைக்குள் போனது. வெளியே எடுத்தேன். பிறகு மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.

"சத்தி ரோட்டு மோட்டார் கடைக்காரனுங்க. உங்க மோட்டாரைப் பிரிக்காமயே வார்னிஷ் காயுதுன்னு மூணு நாள் பொய் சொன்னவனுங்க. உங்க தக்காளி போச்சுங்க. நான் வந்திருக்கோணும், வரலீங்க. தப்புப் பண்ணிப்போட்டேனுங்கண்ணா. மன்னிச்சுக்கோங்க."

அவர் கூடையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அட, அந்தத் தம்பியோட அப்பாவுங்களா நீங்க?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்து, "ஏ அம்மணி, இங்க வா, அந்த சர்ச்சுக்காரத் தம்பியோட அப்பா வந்திருக்காரு" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது, கண்ணு. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முதல் பஸ்ஸில் அங்கே போயிருக்கிறாய். "போன்ல பொய் சொன்னது நான்தானுங்க" என்று சொல்லியிருக்கிறாய். என் பெயரை எடுக்கவே இல்லையாம். பக்கத்துத் தோட்டத் தொட்டியிலிருந்து அந்த வெயிலில் நாள் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறாய். திங்கட்கிழமையும். "நாங்க சும்மா இருங்க தம்பின்னாலும் கேக்கலீங்க. தோள்பட்டை தோலுரிஞ்சு போச்சு. மோட்டாரு வேற கடையில ரெடியாகி வர்ற வரைக்கும் ஒரு நாலு பாத்தி தப்பிச்சுதுங்க. அந்த நாலு பாத்திதான் எங்களுக்கு அந்த வருசம்" என்றார் அவர். நான் மைக்கில் பூசணிக்காய்க்கு ஜோக் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தோளோடு வீட்டுக்கு வந்த உன்னைத்தான் நான் அடித்தேன்.

இனிமேல் அவர் மோட்டார் எதுவானாலும் வாழ்நாள் முழுக்க நான் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இப்ப போர்வெல்லுல தண்ணிக்குள்ளயே ஓடற சப்மெர்சிபிளுங்க, உங்க வார்னிஷுக்கு வேலை இல்லீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தம்மா சிரிக்கவில்லை. "எங்ககிட்டக் கேட்டீங்க, சரிங்க. அந்தத் தம்பிகிட்டக் கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "அப்பறம் என்னத்துக்குங்க இத்தன தூரம் வந்தீங்க?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பதினொரு வருஷமாகக் காலையில் முழங்கால் போடும்போதெல்லாம், "ஆண்டவரே, என் மகனை விசுவாசத்துக்குத் திருப்பிக் கொண்டுவாரும்" என்று கேட்டிருக்கிறேன். நீ எங்கே போயிருந்தாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பண்டிகை ஆலயத்தில் மட்டும்தான் நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் காலை ஜெபத்தில் அதே விண்ணப்பம் வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். நன்றி மட்டும் சொன்னேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம்பாமல் சொன்னால் பொய்தானே என்று கேட்டாய். பொய்தான். எனக்காக, அம்மாவுக்காக, அச்சடித்துவிட்ட அழைப்பிதழுக்காக ஒரு வார்த்தையும் சொல்லாதே. ஆனால் ஒன்று யோசித்துப் பார். பொய் சொல்லப் பயப்படுகிற பயம் உனக்குள் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வரவில்லை, அது நிச்சயம். விசுவாசம் என்றால் மனசுக்குள் சந்தேகமே இல்லாமல் இருப்பது என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்குச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. அது விசுவாசம் இல்லை கண்ணு, நான் யோசிக்காத ஆள், அவ்வளவுதான். நாலு பாத்தித் தக்காளிக்கு யாரும் பார்க்காத இடத்தில் தண்ணீர் சுமக்கிறபோது ஒரு மனுஷன் எதையோ நம்பித்தான் சுமக்கிறான். அதற்கு நீ பெயர் வைக்கவில்லை, நான் வாய் நிறையப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு குடம்கூடத் தூக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் இது இப்படித்தான் இருக்கும். பெரிய சோதனை எதுவும் வந்து கதவைத் தட்டாது. ஷீபா போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள், நீ கிளம்பியே இருக்க மாட்டாய், "வந்துட்டே இருக்கேன்" என்று வாயில் வரும். அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சொல். தப்பு செய்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிடு, பதினொரு வருஷம் வைத்துக்கொள்ளாதே, அது கனத்துக்கொண்டே போகிறது. ஜெபம் வராவிட்டால் சும்மா உட்கார். அவளுக்கு உன்மேல் கோபம் வந்தால் ஜோக் அடிக்காதே. இது உன் அம்மா சொல்லச் சொன்னது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆயர் உங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போய், உனக்கு எதுவரைக்கும் நம்பிக்கை வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று இருக்கிறபடியே சொல். அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டு நீயும் ஷீபாவும் முடிவு செய்யுங்கள். ஆலயமானாலும் ரிஜிஸ்டர் ஆபீஸானாலும் நான் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நேரில் சொன்னால் உளறிவிடுவேன் என்பதால் முதலில் எழுதிக் கொடுக்கிறேன், புதன்கிழமை நீ வந்ததும் வாயாலும் சொல்வேன். உன் வாயில் என் பொய்யை வைத்தேன். அதைக் கழுவிக்கொள்ள நீ தனியாகப் போனபோது துணைக்கு வரவில்லை. போய் வந்த உன்னை அடித்தேன். ஆண்டவரை நீ என் முகத்தில்தான் முதலில் பார்த்தாய், நான் அதை அசிங்கமாகக் காட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு. உடனே பதில் சொல்ல வேண்டாம். இதில் எதையும் ஷீபாவிடம் மறைக்கவும் வேண்டாம்.

உன் அப்பா